ஈய எழுத்திலிருந்து யூனிகோடு வரை: பழைய மென்பொருளைக் கற்பதா, புதியதற்கு மாறுவதா?

விடுதிச் சாப்பாடு பற்றியும், பேருந்துப் பயணம் பற்றியும், கண்டிப்பான பேராசிரியர்கள் பற்றியும் சுவையாக எழுத நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, கொஞ்சம் வேறு விஷயம் எழுதலாமே என்று தோன்றியது. இப்போது கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளில் சிலர் விடுமுறையில் டி.டி.பி. படிக்கப் போகிறார்கள். "அண்ணே, பேஜ்மேக்கரே கத்துக்கிட்டாப் போதுமா? இல்லை, நேரா இன்டிசைனுக்குப் போயிடலாமா?" என்று அவர்கள் கேட்பது வழக்கம். அச்சகம் நடத்தும் நம் முன்னாள் மாணவர்கள் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்குப்பா மாத்தணும்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் 'இதைப் படி, அதை விடு' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் பதிலை அவரவரே கண்டுபிடித்துக் கொள்ளலாம்.

ஒரே மலை, இரண்டு எழுத்து

நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சித்தன்னவாசலைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. கல்லூரியில் படித்த காலத்தில் ஒருமுறையாவது போய் வராதவர்கள் குறைவு. அந்தக் குன்றில் ஏழடிப்பட்டம் குகையில் உள்ள கல் படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அதே குன்றின் இன்னொரு பக்கம் அறிவர் கோயில் இருக்கிறது. அங்கே, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்பவர் செய்த திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. இரண்டுமே தமிழ் நாட்டு மண்ணில் வெட்டியவை. ஆனால் எழுத்து வேறு.

பிராமி எழுத்தைப் படிக்கும் வழக்கம் காலப்போக்கில் அடியோடு மறைந்துபோனது. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் வடநாட்டு அசோகன் கல்வெட்டுகளைக் கொண்டு பிராமியைப் படித்துக் காட்டினார். 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நம் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று நிறுவினார். அதுவரை அந்தக் கல் சும்மா கிடந்தது. எழுத்து அழியவில்லை; கல்லும் உடையவில்லை. எந்தக் குறி எந்த ஒலி என்று சொல்லும் பட்டியல் மட்டும் மனிதர் மனத்திலிருந்து போய்விட்டது.

இந்தப் பட்டியல் விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரை முழுவதும் இதைச் சுற்றியேதான் வரப்போகிறது.

ஈயத்தின் காலம்

அச்சுத் தொழில் நம் ஊருக்குப் புதிதல்ல. சமஸ்தான காலத்திலேயே புதுக்கோட்டையில் ஸ்ரீ பிரகதாம்பாள் ஸ்டேட் பிரஸ் இயங்கியது. சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலபாடத் தொகுதி 1929-ல் வெளிவந்தது. வரலாற்று மாணவர்கள் இன்றும் தேடிப்போகும் சமஸ்தான மேனுவல் 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக அச்சாயிற்று. 1947-ல் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்து 'பொன்னி' இதழைப் புதுக்கோட்டையிலிருந்து கொண்டுவந்தார். பாரதிதாசன் பரம்பரைக் கவிஞர்கள் என்று பலரை அறிமுகப்படுத்திய இதழ் அது. ராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன் சென்னைக்குப் போய் 1939-ல் 'சக்தி' இதழைத் தொடங்கினார்.

இவையெல்லாம் ஈய எழுத்தில் உருவானவை. அச்சுக் கோப்பவர் கேஸுக்கு முன்னால் நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, வரி வரியாக அடுக்குவார். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக, இடவலமாக இருக்கும். அதைச் சரளமாகப் படிப்பதே தனி வித்தை. புரூஃப் எடுத்து, திருத்தி, பாரம் முடுக்கி, டிரெடிலில் ஏற்றி ஓட்டுவார்கள். அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். அடுத்த வேலைக்கு அதே எழுத்துதானே வேண்டும்!

இந்த முறையின் ஒரு சிறப்பை நாம் அப்போது கவனிக்கவில்லை. அச்சாகி முடிந்த தாளைப் படிக்க யாருக்கும் எந்தக் கருவியும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பழைய முதற்பதிப்புகளும், நின்றுபோன இதழ்களும் அங்கே இருக்கின்றன. தாள் பழுத்திருக்கும், ஓரம் உதிரும். ஆனால் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

1978-ல் வந்த அரசாணை

பழையதா புதியதா என்ற கேள்வி ஈயக் காலத்திலும் ஒருமுறை வந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளுக்கு அப்போது தனித்தனி உருவங்கள் இருந்தன. ஐகார வரிசையில் யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைந்த ஒரு சுழி வரும். நம் தாத்தா பாட்டி எழுதிய கடிதங்களில் பார்த்திருப்பீர்கள். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் இவற்றை எளிமையாக்கி அச்சிடத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, பெரியார் நூற்றாண்டை ஒட்டி, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு சீர்திருத்த எழுத்துக்கு ஆணை பிறப்பித்தது. பாடநூல்கள் மாறின, அச்சகங்கள் மாறின, நம் தலைமுறை புதிய எழுத்திலேயே படித்து வளர்ந்தது.

அந்த மாற்றத்தில் யாருக்கும் எதுவும் தொலைந்துபோகவில்லை. பழைய 'லை'யைப் பார்க்கும் பையன் ஒரு நிமிடம் விழிப்பான். பக்கத்தில் இருப்பவர் சொன்னதும் புரிந்துகொள்வான். உருவம்தான் மாறியது. அடுத்து வந்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல.

பேஜ்மேக்கர் வந்த கதை

1985 ஜூலையில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்த ஆல்டஸ் என்ற நிறுவனம் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காகப் பேஜ்மேக்கரை வெளியிட்டது. நிறுவனர் பால் பிரெய்னர்டு. 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற பெயரை வைத்தவரும் அவரே. பழைய வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸின் பெயரைத்தான் நிறுவனத்துக்கு வைத்திருந்தார். 1987-ல் விண்டோஸ் பதிப்பு வந்தது. 1994-ல் அடோபி நிறுவனம் ஆல்டஸை வாங்கிக்கொண்டது.

தொண்ணூறுகளில் நம் ஊர்களில் 'டி.டி.பி. சென்டர்' என்ற பலகைகள் முளைத்தன. ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு யு.பி.எஸ். இருந்தால் கடை தயார். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, டிரேசிங் ஷீட்டில் பிரின்ட் எடுத்து, பிளேட் போட்டு, மினி ஆஃப்செட்டில் ஓட்டலாம். கேஸும் வேண்டாம், எழுத்தைப் பிரித்துப் போடவும் வேண்டாம். ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. அச்சுக் கோப்பவர்களில் சிலர் கீபோர்டுக்கு மாறினார்கள். பலர் வேறு வேலை தேடிப் போனார்கள். அந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான். இதையும் நாம் மறக்கக் கூடாது.

அவர்கள் இடத்துக்கு ஒரு புதிய தலைமுறை வந்தது. தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்த பெண்கள் நிறையப் பேர் இந்த வேலைக்கு வந்தார்கள். திருமணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி வினாத்தாள், பட்டிமன்ற நோட்டீஸ், ஆய்வேடு எல்லாம் அவர்கள் விரல் வழியாகத்தான் வெளிவந்தன. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வேகம்தான் வருமானம்.

ஆளுக்கொரு பட்டியல்

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் காலத்துக் கணிப்பொறியில் ஓர் எழுத்துருவுக்கு மொத்தம் 256 இடங்கள். அதில் முதற்பாதி ஆங்கிலத்துக்கு என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தமிழுக்கு என்று இடம் கிடையாது. ஆகவே தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். கணிப்பொறி தான் ஆங்கிலம் வைத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் மட்டும் தமிழ் தெரியும்.

ஓர் உதாரணம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால், உள்ளே பதிவாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி எழுத்துரு உள்ள கணிப்பொறியில் அது 'தமிழ்'. இல்லாத கணிப்பொறியில் அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி!

தமிழின் 247 எழுத்தையும் அப்படியே வைக்க இடம் போதாது. துணைக்கால், கொம்பு, இணைக்கொம்புகளைத் தனியாக வைத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் கு, கூ, சு, சூ என்ற உகர ஊகார வரிசைக்கு மட்டும் முப்பத்தாறு தனி உருவங்கள் வேண்டும். எதை எந்த இடத்தில் வைப்பது? ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி வைத்தது. ஸ்ரீலிபிக்கு ஒரு பட்டியல், வானவில்லுக்கு ஒரு பட்டியல், பாமினிக்கு ஒரு பட்டியல். சில நிறுவனங்கள் பட்டியலை வெளியே சொல்லவும் இல்லை. போட்டியாளர் பார்த்துவிடக் கூடாது என்ற எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய முறையில் 'கொ' என்பதைக் கண்ணில் தெரியும் வரிசையில்தான் தட்ட வேண்டும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். ஈய எழுத்தை அடுக்கிய அதே வரிசை! அந்த வகையில் பேஜ்மேக்கர் தமிழ் என்பது ஈய எழுத்தின் நேர் வாரிசுதான்.

ஒழுங்கு செய்ய எடுத்த முயற்சிகள்

இந்தக் குழப்பத்தைப் பார்த்து வருந்தி, தமிழர்கள் பல நாடுகளிலிருந்து உழைத்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்தார். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99. அங்கே டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின; அரசும் ஆணை பிறப்பித்தது. மின்னஞ்சல் குழுவில் கலந்து பேசியே டிஸ்கி என்ற இன்னொரு முறையும் உருவானது. 2000-ல் உத்தமம் அமைப்பு தோன்றியது.

இதற்கிடையே 1991-லேயே யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. இதில் 'த' என்றால் உலகத்தில் எந்தக் கணிப்பொறியிலும் 'த'தான். வேறொரு மொழியின் இடத்தில் ஒண்டுக்குடித்தனம் இல்லை. 2000-ல் வந்த விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவுடன் யூனிகோடு தமிழ் கிடைத்தது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. யூனிகோடு வேலை செய்யாத இடங்களில் பயன்படுத்த டேஸ்16 என்ற முறையையும் அனுமதித்தது.

நம் ஊரும் பின்தங்கவில்லை. புதுக்கோட்டைக் கணினித் தமிழ்ச் சங்கத்தார் பயிற்சி முகாம்கள் நடத்தி ஆசிரியர்களுக்கு யூனிகோடு தமிழ் பழக்கினார்கள். 2015 அக்டோபர் 11-ம் தேதி தமிழ் வலைப்பதிவர் திருவிழா புதுக்கோட்டையிலேயே நடந்தது. இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் எல்லாரும் யூனிகோடுக்கு வந்துவிட்டார்கள். அச்சகங்கள் மட்டும் வரவில்லை.

அச்சகங்கள் ஏன் மாறவில்லை?

சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. அது அநியாயம். காரணங்கள் வலுவானவை.

முதலாவது, பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. யூனிகோடு தமிழைக் கொண்டுபோய் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். அடோபி 2001-ல் வெளியிட்ட 7.0 பதிப்போடு பேஜ்மேக்கர் வளர்ச்சி நின்றது. 2004-ல் இனிப் புதுப்பதிப்பு கிடையாது, இன்டிசைனுக்கு வாருங்கள் என்று அறிவித்துவிட்டார்கள்.

இரண்டாவது, இன்டிசைனும் தமிழுக்கு உடனே உதவவில்லை. 1999-ல் அது வெளிவந்தாலும், யூனிகோடு தமிழில் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த அதற்குத் தெரியவில்லை. 'கெ' என்று தட்டினால் கொம்பு பின்னால் போய் நிற்கும். 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு வந்தது. அதிலும் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அதாவது 2004 முதல் 2012 வரை எட்டு ஆண்டுகள், 'பழையது செத்துவிட்டது, புதியதுக்கு வா' என்று அழைத்தார்கள்; வந்தால் உட்காரத் தமிழுக்கு நாற்காலி இல்லை. அந்த எட்டு ஆண்டுகளில் பேஜ்மேக்கரைக் கைவிடாத அச்சகத்தார் புத்திசாலிகள் என்றே நான் சொல்வேன்.

மூன்றாவது, பணம். 2013-ல் அடோபி ஒரே தடவை விலைக்கு விற்பதை விட்டு, சந்தா முறைக்குப் போனது. மாதா மாதம் கட்ட வேண்டும். மார்கழி, ஆடியில் கல்யாணப் பத்திரிகை வேலை குறைந்தாலும் சந்தா குறையாது. கள்ளப் பிரதி என்ற வழியில் போனவர்கள் உண்டு. அது சட்டப்படியும் தவறு. வைரஸ் வந்து கோப்பெல்லாம் போனால் கேட்க நாதியும் கிடையாது.

நான்காவதுதான் முக்கியம். ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, அதுதான். தட்டச்சு செய்பவர், மெய்ப்புப் பார்ப்பவர், பிளேட் போடுபவர், வெளியூர் ஆஃப்செட்காரர் எல்லாரும் ஒரே மென்பொருள், ஒரே எழுத்துரு வைத்திருந்தால்தான் வேலை ஓடும். நடுவில் ஒருவர் மட்டும் மாறினால் சங்கிலி அறுந்துவிடும். போன வருஷத்து மலரை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி இந்த வருஷம் போடுகிற வேலைக்கும் பழைய கோப்பு திறக்க வேண்டும்.

வீடு மாறியது, பட்டியல் மாறவில்லை

பிறகு பலர் இன்டிசைனுக்கு மாறினார்கள். ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. மாறியவர்களில் பலர் பழைய எழுத்துருவையும் கூடவே கொண்டுபோனார்கள். இன்டிசைனில் பாமினி ஓடும், ஸ்ரீலிபியும் ஓடும். அதற்கு அவை வெறும் ஆங்கில எழுத்துத்தானே! மென்பொருள் புதிது, விலை புதிது, உள்ளே இருப்பது அதே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அதில் உருவாக்கிய பி.டி.எஃப். கோப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குப்பையாக வரும்.

எனவே நாம் ஒரே கேள்வி என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். பக்கத்தை எந்த மென்பொருளில் கட்டுவது என்பது ஒன்று. எழுத்தை எந்தப் பட்டியலில் பதிவது என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் பொறுமையாக இருக்கலாம். கைவசம் இருக்கும் பணம், வேலை, கூட்டாளிகள் இவற்றைப் பார்த்து இந்த வருஷமோ அடுத்த வருஷமோ மாறலாம். இரண்டாவது கேள்வியில் தாமதம் ஆகாது. ஏனென்றால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் தட்டுகிற பக்கங்கள் நாளைக்குப் படிக்க முடியாத குவியலில் சேர்கின்றன.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடியும் வருகின்றன. பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளை இன்டிசைன் சி.எஸ்.6 வரை திறக்கலாம். அதற்குப் பிந்தைய சி.சி. பதிப்புகளில் அந்த வசதி இல்லை. பழைய டைப் 1 வகை எழுத்துருக்களை அடோபி 2023-ல் நிறுத்திவிட்டது. பிளாப்பி டிரைவ் போய்விட்டது, சி.டி. டிரைவும் புதிய மடிக்கணினிகளில் அரிது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. விக்கிமூலத்தில் தமிழ் ஆர்வலர்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நூல்களை ஸ்கேன் செய்த படங்களிலிருந்து, எழுத்துணரி மூலம் யூனிகோடு எழுத்தாக மாற்றியிருக்கிறார்கள். ஈய எழுத்தில் அச்சான பக்கம் யூனிகோடு ஆகிவிட்டது. ஆனால் 1998-ல் கம்ப்யூட்டரிலேயே தட்டிய பக்கம், எழுத்துருவும் பட்டியலும் தொலைந்துவிட்டால், கம்ப்யூட்டருக்கே புரியாது. அதை மீட்கவும் அச்சான தாளைத்தான் தேட வேண்டும்!

பட்டியல் வெளிப்படையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைத் திட்டம் சாட்சி. அவர்களுடைய இலக்கியக் கோப்புகள் டிஸ்கியில் இருந்தன. டிஸ்கிப் பட்டியல் எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே யூனிகோடு வந்ததும் மாற்றிக்கொள்ள முடிந்தது. சித்தன்னவாசல் கல்லுக்கு ஒரு பிரின்செப் தேவைப்பட்டது போல இவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தம்பி தங்கைகளுக்கு

இனி நேரடியாகவே சொல்கிறேன்.

இன்று புதிதாகக் கற்பவர் பேஜ்மேக்கரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இன்டிசைன் கிடைத்தால் நல்லது. பணம் இல்லையென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது, இலவசம், சட்டபூர்வமானது. தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறனோடு அதன் 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது.

அதற்காக, ஊரில் ஒரு அக்கா பேஜ்மேக்கரில் வேலை சொல்லித்தர இருக்கிறார் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மாஸ்டர் பக்கம், ஸ்டைல், பத்தி ஓட்டம், ஓர இடம் இவையெல்லாம் எந்த மென்பொருளிலும் ஒன்றுதான். பேஜ்மேக்கரில் கோப்பைக் கொண்டுவர எந்த விசையோ, இன்டிசைனிலும் அதே விசை. பேஜ்மேக்கர்காரர்கள் தடுமாறக் கூடாது என்று அந்தப் பழைய விசைத் தொகுப்பையே இன்டிசைனின் பல பதிப்புகளில் வைத்திருந்தார்கள். பக்கம் கட்டும் கண் வந்துவிட்டால் மென்பொருள் மாறுவது சில வார வேலை. அந்தக் கண் இருபது வருஷம் தொழில் செய்தவரிடம்தான் இருக்கிறது.

அந்த அக்காவிடம் நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் ஒன்று உண்டு. யூனிகோடு என்றதும் அவர் பயப்படுவது மென்பொருளுக்காக அல்ல, விரலுக்காக. பல வருஷம் பழகிய விசைப்பலகை போய்விட்டால் வேகம் போய்விடும். வேகம் போனால் கூலி போய்விடும். ஆனால் என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பழைய டைப்ரைட்டர் முறையும், பாமினி முறையும் உண்டு. விரல் பழையபடியே ஓடும். உள்ளே பதிவது யூனிகோடு. இதை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து நிறுவிக் காட்டினால் போதும். ஈய எழுத்து போன நாளில் அச்சுக் கோப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. இந்தத் தடவை யாரையும் வெளியே நிறுத்திவிட்டு மாற வேண்டியதில்லை.

பழைய கோப்புகளை மாற்றச் சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றவை உதவும். ஆனால் மாற்றியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தமிழுக்கு நடுவில் ஆங்கிலச் சொல் வந்திருந்தால், மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து உளறும். எனவே மெய்ப்புப் பார்க்க ஒரு மனிதர் கட்டாயம் வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்தின் பழைய மலர்களில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அந்த மலர்களின் பேஜ்மேக்கர் கோப்புகள் யாரிடமாவது சி.டி.யிலோ, பழைய ஹார்டு டிஸ்கிலோ இருக்கலாம். அவற்றோடு சேர்த்து எழுத்துருக் கோப்பையும் பத்திரப்படுத்த வேண்டும். எழுத்துரு இல்லாத கோப்பு சாவி இல்லாத பெட்டி. கோப்பு கிடைக்காத ஆண்டுகளுக்கு அச்சான மலரை ஸ்கேன் செய்யலாம்.

செயற்குழு மூன்று காரியங்கள் செய்யலாம். பழைய மலர் வைத்திருப்பவர்கள் ஒரு பிரதியைச் சங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கும்படி அறிவிப்பு வெளியிடலாம். மாற்றும் வேலையை இந்நாள் மாணவர்கள் ஐந்தாறு பேரிடமும், மெய்ப்புப் பார்ப்பதை ஓய்வுபெற்ற நம் தமிழ் ஆசிரியர்களிடமும் ஒப்படைக்கலாம். இனிமேல் வரும் மலர்களை எந்த அச்சகத்தில் கொடுத்தாலும் 'கட்டுரைகள் யூனிகோடில் இருக்க வேண்டும், கோப்பையும் சங்கத்திடம் தர வேண்டும்' என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுக்கலாம். எந்த மென்பொருளில் கட்டுகிறார்கள் என்பதை அச்சகத்தாரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

மாற்றும் வேலைக்கான தொழில்நுட்ப உதவியை நான் செய்து தருகிறேன். விருப்பமுள்ள மாணவர்கள் மலர்க் குழுவிடம் பெயர் கொடுக்கவும். முதலில் எந்த ஆண்டு மலரை எடுப்பது என்பதை இந்தச் சந்திப்பிலேயே பேசி முடிவு செய்தால் நன்றாக இருக்கும்.